மாமாவோடு மான் வேட்டைக்குப் போகுமுன்

தம்பி,

இதை அறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். போன் இருப்பது உன் மாமாவின் மேசை மேல். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் அவர் எதிரில் உட்கார்ந்து ஆணிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பார். பர்மிய எழுத்தில் எழுதினால் நீ மளமளவென்று படித்துவிடுவாய், தமிழ் என்றால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தமிழிலேயே எழுதுகிறேன். உன் மாமாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. நீ இருக்கிற சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிற மேல்வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். மெதுவாகவே படி.

போன வாரம் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். "அப்பா, கல்யாணத்துக்கு முன்னாடி மாமா என்னைய வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறாராம். மறுவீட்டு விருந்துக்குக் கடமான் கறியாம்." நான் "சரிப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், அவர் எதிரிலேயே இருந்தார். அந்தச் 'சரி'யைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். கல்யாணத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தேவி நல்ல பெண். தை மாதம் அவள் கழுத்தில் தாலி கட்டு. ஆனால் அவளுடைய அப்பாவோடு காட்டுக்குள் போகுமுன் அங்கே எனக்கு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் மாமாவும் நானும் ஒரு காலத்தில் வா, போ என்று பேசிக்கொண்ட சிநேகிதர்கள். நான் ரங்கூன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன். அவர் பபேடான் பேட்டையில் இருந்த தன் அப்பாவின் இரும்புச் சாமான் கடைக்குச் சரக்கெடுக்க வருவார். அப்படிப் பழகித்தான் அவர் தங்கையை நான் கட்டினேன். சனிக்கிழமை கடையைப் பூட்டியதும் பழைய பிக்கப் வண்டியில் பெகு மலையடிவாரத்தில் ஒரு கிராமத்துக்குப் போவோம். அங்கே ஊ சான் என்ற பர்மிய விவசாயி இருந்தார். துப்பாக்கி அவர் வீட்டுக் கூரையில் ஓலைக்குள் கிடக்கும். மருந்தைக் கெட்டித்து இரும்புத் துண்டுகள் போட்டுச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி. எண்பத்தெட்டுக் கலவரத்துக்கு முன்னால் அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ரங்கூனில் துப்பாக்கி என்ற சொல்லையே கடைக்குள் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னோம். அனுமதியில்லாத துப்பாக்கியோடு பிடிபட்டு உள்ளே போனவன் எப்போது வெளியே வருவான் என்று யாருக்கும் தெரியாது. பின்னால் நடந்ததெல்லாம் அந்தப் பயத்திலிருந்து வந்தது. எல்லாம் என்று சொல்ல முடியாது. பாதி.

நம்மைப் போல வாரத்துக்கு ஒரு நாள் காட்டுக்குள் நுழைகிறவனுக்கு நல்ல வழி உட்கார்ந்திருப்பதுதான். மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் நெல்லி மரத்தடியைப் பார். உதிர்ந்த காய் கடிபட்டுக் கிடந்தால், குளம்புத் தடம் ஓரம் சரியாமல் கூர்மையாக இருந்தால், அன்று விடியலில் மான் வந்து போயிருக்கிறது. காற்று உன் முகத்தில் அடிக்கிற மாதிரி இடம் பிடித்து, முதுகை மரத்தில் சாய்த்து, சுருட்டுப் பற்றவைக்காமல், கொசுவைக்கூட அடிக்காமல் உட்கார். கோடையில் புல்லைக் கொளுத்திய சரிவுகளில் புதுத் தளிர் கிளம்பும், கடமான் அங்கே மேய வரும். தலை குனிந்திருக்கும்போது இரண்டு எட்டு வை, நிமிர்ந்தால் மரம் போல நில். முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு கையகலம் தள்ளிச் சுடு. ஓடுகிற மானைச் சுடாதே. சுட்டுக் காயம் பட்ட மானை உடனே விரட்டாதே. கொஞ்ச நேரம் விட்டால் பக்கத்திலேயே எங்காவது படுத்துவிடும். விரட்டினால் மலை தாண்டி ஓடிச் சாகும், கறியும் கிடைக்காது. இதையெல்லாம் மாமா உனக்குச் சொல்லித் தந்திருப்பார். அவருக்குச் சொல்லித் தந்தவன் நான். ஆனால் உட்கார்ந்திருக்கிற பொறுமை அவருக்கு வரவில்லை. திங்கட்கிழமை கடை திறக்க வேண்டும், வெறுங்கையோடு திரும்பினால் தெருவில் சிரிப்பார்கள் என்பதே அவர் கவலை.

அவராகவே உனக்குக் கற்றுத் தந்தது இலை ஊதுவது. நினைவிருக்கிறதா? பள்ளி இறுதி வருடம் முதல் தடவையாக அவரோடு போய்விட்டு வந்து மாடிப்படியிலேயே கத்தினாய். இலையை உதட்டில் வைத்துக் குட்டி அழுகிற மாதிரி ஊதினாராம், கேளைமான் புதரை விட்டு நேரே துப்பாக்கி முனைக்கே ஓடி வந்ததாம். நான் ஒன்றுதான் கேட்டேன். "மடியில பால் இருந்துச்சாடா?" "ஆமாப்பா, அறுக்கும்போது வெள்ளையா வழிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் கையை லுங்கியில் துடைத்தாய். உன் அம்மா உனக்குச் சுடுதண்ணீர் வைக்கப் போனாள். நானும் மானைச் சுட்டவன்தான், தின்றவன்தான். உனக்கு அன்று புத்தி சொல்லவில்லை. நம் வீட்டில் வேட்டையைப் பற்றி நான் வாய் திறந்தால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

உன் மாமாவுக்குப் பிடித்தது ஆள் விட்டுக் கலைக்கிற வேட்டை. பகலில் மான் கோரைப் புல்லுக்குள் படுத்திருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஆட்கள் வரிசையாக நின்று, தகரம் தட்டிக்கொண்டு மெல்ல நடந்து வருவார்கள். வாடை பட்டு மான் எழுந்து முன்னால் நகரும். ஓடை குறுகும் இடத்தில் துப்பாக்கிக்காரன் மறைந்திருப்பான். இதில் ஒரு சட்டம் உண்டு, மற்றதெல்லாம் அதற்குக் கீழேதான். துப்பாக்கிக்காரன் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. மான் வரிசைப் பக்கம் திரும்பினால் விட்டுவிட வேண்டும். அது போகட்டும், அடுத்த வாரம் வேறு மான் வரும்.

எனக்கு அது நடந்த அன்று வரிசையில் நடுவில் நான் நடந்தேன். கிராமத்து ஆட்கள் பயத்தில் ஒன்றாகச் சேர்ந்துகொள்வார்கள், இடைவெளி விட்டு நடத்த ஓர் ஆள் வேண்டும். கடமான் கிடா ஒன்று எழுந்தது. நல்ல கொம்பு. ஓடை வரை போய் நின்று மோப்பம் பிடித்தது, திரும்பி எங்களைப் பார்த்தே ஓடி வந்தது. எனக்குப் பக்கத்தில் அது தாண்டும்போது அதன் உடம்புச் சூடு என் மேல் பட்டது. அந்த நேரத்தில்தான் துப்பாக்கி வெடித்தது. மறைவில் இருக்க வேண்டிய உன் மாமா புல்லுக்கு வெளியே மேட்டில் நின்றுகொண்டிருந்தார். நான் விழுந்து கிடந்தேன். முழங்காலுக்குக் கீழே கால் இருந்தது, ஆனால் என் பேச்சைக் கேட்கவில்லை. அவர் ஓடி வந்தார். என்னைப் பார்த்தார். அவர் கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது.

"மான் விழுந்துச்சா?"

மானுக்கும் பட்டிருந்தது. புல்லில் ரத்தம் சொட்டியிருப்பதை ஊ சான் காட்டினார். நான் சொன்னேன், "மச்சான், வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்." உன் மாமா என் துண்டை வாங்கி என் காலைக் கட்டினார். இறுக்கித்தான் கட்டினார், அதில் குறை சொல்ல மாட்டேன். பிறகு என் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து ஒரு சுருட்டைப் பற்றவைத்தார்.

"ஏன்டா உக்கார்ற?" என்றேன்.

"இப்பப் போனா ஓடிரும் மச்சான். கொஞ்ச நேரம் விடணும். நீதானே சொல்லிக் குடுத்த."

அந்தச் சுருட்டு முடிகிறவரை அவர் உட்கார்ந்திருந்தார், தம்பி. நெல்லி மரத்தடியில் ஒரு நாளும் உட்காராத பொறுமை அன்று அவருக்கு வந்தது. சுருட்டை மண்ணில் தேய்த்து அணைத்துவிட்டு ஆட்களோடு ரத்தச் சுவடு பிடித்துப் போனார். என்னோடு ஒரு நாயை விட்டுவிட்டுப் போனார்கள். அது என் காலில் கட்டிய துண்டை நக்க வந்தது. கையில் அகப்பட்ட மண்ணை எறிந்து எறிந்து விரட்டினேன். வெயில் என் முகத்துக்கு வந்து, முகத்தைத் தாண்டியும் போய்விட்டது. தூரத்தில் அவர்கள் சிரிப்பது கேட்டது. அதிலிருந்து மான் கிடைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். உரிக்கிறார்கள், பங்கு வைக்கிறார்கள் என்றும் தெரிந்தது. கலைத்தவர்களுக்கு ஒரு பங்கு, துப்பாக்கிக்கு ஒரு பங்கு, ஊ சானுக்குத் தலையும் தோலும். முறைப்படி எல்லாம் செய்தார்கள். நான் கலைத்தவர்களில் ஒருவன் என்பதால் என் பங்கும் தேக்கிலையில் கட்டி வந்தது. அதை என் நெஞ்சின் மேல் வைத்தார்கள், தூக்கும்போது கை வேண்டுமே என்று.

ஆனால் உடனே தூக்கவில்லை. உன் மாமா ஊ சானைத் தள்ளிக் கூட்டிப் போய்ப் பேசினார். திரும்பி வந்து என் தலைமாட்டில் மண்டியிட்டார். "மச்சான், சூட்டுக் காயத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனா முதல்ல பட்டாளந்தான் வரும். நான் மட்டுமில்ல, நீயும் உள்ள போவ. மூங்கில் குத்திருச்சுன்னு சொல்லிருவோம்" என்றார். "சொல்லு. எதையாவது சொல்லு. வண்டிய எடு" என்றேன். "சொன்னா நம்பணுமே" என்றார். அப்போதுதான் ஊ சான் கையில் இருந்ததைப் பார்த்தேன். பச்சை மூங்கிலைச் சாய்வாக வெட்டிச் சீவி வைத்திருந்தார். என் வாயில் என் பங்குக் கறி கட்டிய நாரைச் சுருட்டித் திணித்தார்கள். இரண்டு பேர் என் தோளை அழுத்தினார்கள். ஊ சானால் முடியவில்லை. உன் மாமா அவரிடமிருந்து மூங்கிலை வாங்கிக்கொண்டார்.

இதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

பிக்கப்பில் கறிக் கூடைகளோடு என்னையும் படுக்க வைத்தார்கள். ரங்கூன் வரை என் தலை மானின் தொடை மேல்தான் ஆடிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைப் பார்த்தார், உன் மாமாவைப் பார்த்தார், பிறகு என்னிடம் கேட்டார், "மூங்கிலா?" "மூங்கில்தான் சயா" என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். காலை எடுத்த பிறகு ஒருநாள் படுக்கைப் பக்கம் வந்து மெதுவான குரலில் சொன்னார். முதலில் பட்ட காயம் மட்டும் இருந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருப்பாராம். மூங்கில் நாரும் மண்ணும் எலும்பு வரை போனதால்தான் அழுகிவிட்டதாம். முதலில் பட்டது என்ன என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவருக்கும் வீடு, வாசல் இருந்திருக்கும்.

உன் அம்மா அடுத்த நாள் வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அண்ணன் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் உள்ள போயிட்டா ரெண்டு குடும்பமும் தெருவுல நிக்கும். வாயத் திறந்துராதீங்க" என்றாள். "புள்ள என்ன பண்றான்?" என்று கேட்டேன். "நல்லாச் சாப்ட்டான். கறி இன்னும் வேணும்னு கேட்டான்" என்றாள். என் பங்கை அவள் மிளகு போட்டு வறுத்திருந்தாள். உன் மேல் பழி சொல்ல இதை எழுதவில்லை, நீ சின்னப் பிள்ளை. அவள் ஏன் அதை என்னிடம் சொன்னாள் என்றுதான் இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

ஒற்றைக் காலோடு கிரேன் ஓட்ட முடியாது. உன் மாமா தன் கடையிலேயே ஒரு ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்தார். ஊரே அவரைப் புகழ்ந்தது. நான் அவருக்கு ஆணி நிறுத்துக் கொடுத்தேன், இன்றுவரை கொடுக்கிறேன். கோயில் தீமிதிக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்த அன்று யாரோ என் கட்டைக்காலைப் பற்றிக் கேட்டார்கள். நான் வாய் திறக்குமுன் உன் மாமா ஆரம்பித்தார். "அத ஏன் கேக்குறீங்க? கிடா இவனப் பாத்து ஒரு செருமல் செருமுச்சு. மச்சான் லுங்கியத் தூக்கிட்டு எடுத்தான் பாருங்க ஓட்டம், நேராப் போய் மூங்கில்ல உக்காந்துட்டான்!" எழுந்து நின்று ஓடியும் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நீ அவர் மடியில் இருந்தாய். நீயும் சிரித்தாய், சிரித்துவிட்டு என்னைப் பார்த்து, "அப்பா, மான் கடிக்குமா?" என்று கேட்டாய். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

அதன் பிறகு எந்த விசேஷத்திலும் அந்தக் கதை இல்லாமல் போனதில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளர்ந்தது. கிடா பிணைமானாயிற்று, பிணைமான் குட்டியாயிற்று. கடைசியில் உன் அப்பா ஒரு மான் குட்டிக்குப் பயந்து காலைத் தொலைத்தவன். நீ வளர்ந்த பிறகு உன் கூட்டாளிகளுக்கு அதே ஓட்டத்தை ஓடிக் காட்டினாய், வாசல் கதவு திறந்திருந்ததை நீ பார்க்கவில்லை. மாமாவைவிட நன்றாகவே செய்தாய். உன் அம்மா இந்தக் கதைக்கு ஒருநாளும் சிரித்ததில்லை, ஒருநாளும் நிறுத்தச் சொன்னதும் இல்லை. போன வருடம் மழைக்காலத்தில் அவள் போகும்போது, தொண்டையில் தண்ணீர் இறங்காத நிலையிலும் என்னிடம் கேட்டது அதே ஒன்றுதான். "அவன்கிட்ட சொல்லிராதீங்க." தலையாட்டினேன். செத்துக்கொண்டிருந்தவளுக்காக ஆட்டிய தலை அது. அதற்கு நான் இனிக் கட்டுப்படப் போவதில்லை.

உன் போன் வந்து இரண்டொரு நாள் கழித்து மாமா தேவியையும் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார், பத்திரிகை அடிப்பது பற்றிப் பேச. பேச்சு வேட்டைக்குப் போனது. "பரண்ல உக்கார நேரமில்ல மச்சான். கலைச்சாத்தான் கறி. நம்ம பையனை வரிசையில நடுவுல விடுறேன், அவனுக்குத்தான் தைரியம் இருக்கு" என்றார். "அவன வரிசையில விடாத" என்றேன். "உன்ன மாதிரி பயந்தாங்கொள்ளியா அவன்?" என்று சிரித்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவரிடம் சொன்னேன். "அன்னிக்கு நீ சுட்ட. என்னைய நீ சுட்ட."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "என்ன மச்சான் பேசுற? நீ மூங்கில்ல விழுந்த. நான்தானே உன்னையத் தூக்கிட்டு வந்தேன். வயசாக வயசாக உனக்கு என்னென்னவோ தோணுது" என்றார். அவ்வளவு பரிவோடு சொன்னார். சொல்லிச் சொல்லித் தானே அதை நம்பிவிட்டாரோ என்று ஒரு கணம் நானே மலைத்துப்போனேன். மறந்துவிட்டவனிடம் எதைக் கேட்பது?

பிறகு சொன்னேன். "சரி, போகட்டும். வேட்டைக்கு நானும் வர்றேன்." "ஒத்தக் காலோடவா?" என்றார். "ஆமா. என்னால வரிசையில நடக்க முடியாது. ஓடை முனையில துப்பாக்கியோட உக்காந்துக்கிறேன். எனக்கு உக்காந்து பழக்கம். பையன் என் பக்கத்துல இருக்கட்டும். கலைக்கிறவங்கள இடைவெளி விட்டு நடத்த ஒரு ஆள் வேணுமே, நடுவுல நீ நட."

அவர் சிரிக்க வாயைத் திறந்தார், சிரிப்பு வரவில்லை. கண் முதலில் என் கைக்குப் போனது, பிறகு கட்டைக்காலுக்கு, பிறகு வாசலுக்கு. கையில் இருந்த டீ கிண்ணம் சாய்ந்து வேட்டியில் கொட்டியது, அவருக்குச் சுட்டதாகக்கூடத் தெரியவில்லை. அவர் ஒன்றையும் மறக்கவில்லை, தம்பி. மேட்டில் நின்றதையும் மறக்கவில்லை, மூங்கிலை வாங்கிக்கொண்டதையும் மறக்கவில்லை. "கடையில ஆள் காத்துக்கிட்டிருக்கும்" என்று எழுந்து போய்விட்டார். நான் உண்மையிலேயே அவரைச் சுட்டிருப்பேனா என்று நீ கேட்கலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்கும் தெரியவில்லை. அது எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பது மட்டும் தெரியும்.

தேவி கிண்ணங்களைக் கழுவி வைக்கப் பின்தங்கினாள். தன் அப்பாவின் முகத்தை அவளும் பார்த்துவிட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "மாமா, கல்யாணம் முடியட்டும். அப்புறமா உங்க மகன்கிட்டச் சொல்லுங்க" என்றாள். அவள் மேல் கோபப்படாதே. தன் வாழ்க்கையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கேட்டாள். உன் அம்மா கேட்டதும் அதற்காகத்தான். நீ அவளைக் கட்டிக்கொள், நன்றாக வைத்துக்கொள். ஆனால் அவள் ஒரு விஷயத்தை மறைக்கச் சொல்லிக் கேட்கும்போது, அதற்கு யாருடைய உடம்பு கூலியாகப் போகிறது என்று ஒருமுறை யோசித்துவிட்டுத் தலையாட்டு.

நேற்றுக் கடையில் மாமா யாரிடமோ விருந்துக்கு நாட்டுக்கோழி சொல்லிவிட்டதைக் கேட்டேன். நீ வந்து இறங்குகிற அன்று விமான நிலையத்துக்கு வண்டி கொண்டு வருவது அவர்தான். காட்டுப் பக்கம் கெடுபிடி அதிகம், வேட்டை இந்தத் தடவை வேண்டாம் என்பார். ஏன் மாமா என்று ஒரே ஒரு தடவை கேள், அவர் முகத்தைப் பார்த்துக் கேள். அவர் என்ன சொன்னார் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டுவிட்டு வீட்டுக்கு வா. சோறு வடித்து வைத்திருப்பேன்.

அப்பா